சீனி வருத்தத்துக்கு ஒரு கையெழுத்து

"பதினொண்டு இரிக்கி மனே," என்றார் அக்கா போனில்.

"என்னது, முட்டையோ?" என்று கேட்டேன். டவுன்டவுனில் நான் கோப்பை கழுவுகிற சாப்பாட்டுக்கடையின் குசினிக்குள் நின்றேன். போன் காதுக்கும் தோளுக்கும் நடுவில், கை இரண்டும் நுரைக்குள்.

"குளிசை," என்றார் அக்கா.

கையில் இருந்த தட்டத்தை அப்படியே தண்ணீருக்குள் விட்டுவிட்டேன்.

எனக்கும் அக்காவுக்கும் ஒரே வருத்தம். எச்.ஐ.வி. நாளுக்கு ஒரு குளிசை, ஒரே ஒரு மாத்திரை, போட்டால் மற்ற ஆட்களைப் போல வேலைக்குப் போகலாம், சண்டை பிடிக்கலாம், கிழவனாகலாம். கிருமி இரத்தத்தில் தேடினாலும் அகப்படாத அளவுக்கு அடங்கிவிடும். அப்படி அடங்கி இருக்கிற ஆளிடமிருந்து படுக்கையில்கூட இன்னொருவருக்குத் தொற்றாது. குளிசையை நிறுத்தினால் திரும்ப எழும்பும். விட்டு விட்டுப் போட்டாலும் ஆபத்துத்தான்; கிருமி குளிசைக்குப் பழகிப்போய், பிறகு அந்த மருந்துக்கே கேட்காது. விஞ்ஞானப் பாடத்தில் ஒருநாளும் முப்பது புள்ளிக்கு மேல் எடுக்காதவன் நான். இது மட்டும் நித்திரையிலும் சொல்வேன்.

என்னுடைய குளிசைக்குப் பிரச்சினை இல்லை. அகதிக் கேஸ் வென்றுவிட்டது, சுகாதாரக் காட் இருக்கிறது, மருந்துக்கடையில் நீட்டினால் தருவார்கள். அக்காவின் கதை வேறு. அக்கா என்றாலும் கூடப் பிறந்தவர் இல்லை; மட்டக்களப்பிலிருந்து வேலைப் பேர்மிட்டில் வந்தவர். அஹுன்ட்சிக் பகுதியில் வயதானவர்களை வைத்துப் பார்க்கிற இல்லம் ஒன்றின் குசினியில் வேலை. பேர்மிட் முடிவதற்கு முந்தியே புதியதுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டார். பதில் வரும்வரை வேலை செய்யலாம் என்று கடிதமும் வந்தது. வேலை செய்யலாம், வரி கட்டலாம், பனிக்குள் பஸ்ஸுக்கு நிற்கலாம். ஆனால் சுகாதாரக் காட் பழைய பேர்மிட்டோடு முடிந்துபோனது. புதிய பேர்மிட் கையில் வந்தால்தான் புதிய காட். நடுவில் உள்ள மாதங்களில் அக்காவுக்கு உடம்பு என்ற ஒன்று இல்லை என்று யாரோ ஒரு மேசையில் முடிவெடுத்திருக்கிறார்கள். சொந்தக் காசில் வாங்கலாம் என்றால், ஒரு மாதக் குளிசை அவருடைய சம்பளத்தில் பாதிக்கு மேல் தின்றுவிடும்.

"அண்ணைக்குச் சொன்னியளோ?"

"இல்ல மனே. மறுகா செல்லுவம் எண்டு..."

மறுகா என்றால் பிறகு. நாங்கள் யாழ்ப்பாணத்தார் பேந்து என்போம். அக்கா மறுகா என்னும்போதெல்லாம் நான் நக்கலடிப்பதும், நான் பேந்து என்னும்போதெல்லாம் அவர் திருப்பி அடிப்பதும் வழக்கம்.

"மறுகாவும் சரிவராது, பேந்தும் சரிவராது. இப்ப எடுங்கோ போனை," என்றேன்.

அன்று செவ்வாய்க்கிழமை. அக்கா இரவுச் சாப்பாட்டோடு குளிசை போடுகிறவர். விரல் விட்டு எண்ணினேன். கடைசிக் குளிசை அடுத்த கிழமை வெள்ளிக்கிழமை இரவு.

அண்ணை என்று நான் சொல்வது எங்கள் குழுவின் தலைவரை. செயலாளரும் அவர்தான், சாரதியும் அவர்தான். டாக்சி ஓட்டுகிறார். அவருக்கும் இதே வருத்தம், நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்க முந்தியே வந்தது. குழு என்றதும் பெரிதாக நினைக்கவேண்டாம். மாதத்தில் ஒரு ஞாயிறு, கிளினிக்கின் பின்னறையில் எட்டுத் தமிழ் ஆட்கள், ஒரு பெட்டி ரோல்ஸ், இழுத்து மூடின யன்னல் சீலை. வெளியில் கண்டால் ஒருவரை ஒருவர் தெரியாது. ஒருமுறை மெட்ரோவில் எங்கள் குழுக்காரர் ஒருவர் எனக்கு நேர் முன்னால் இருந்தார். இரண்டு பேரும் நாலு ஸ்டேசனுக்கு எங்கள் எங்கள் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டே போனோம்.

அந்தக் கிளினிக்கில் ஒரு அவசர மருந்து நிதி இருக்கிறது. காகிதத்துக்குக் காத்திருக்கிற ஆட்களுக்கு அது மருந்து எடுத்துக் கொடுக்கும். ஆனால் எல்லா வருத்தத்துக்கும் இல்லை. அவர்களிடம் ஒரு பட்டியல். எச்.ஐ.வி அந்தப் பட்டியலில் இல்லை. அதைச் சேர்க்கச் சொல்லி அண்ணை ஒரு வருசமாகக் கடிதம் எழுதுகிறார், பயணி இல்லாத நேரங்களில் ஸ்டியரிங்கில் கொப்பியை வைத்து. நிதிக் குழு கடைசியில் ஒரு கேள்வி கேட்டது. இதை உங்கள் சனம் கேட்கிறதா, அல்லது நீங்கள் எட்டுப் பேர்தான் கேட்கிறீர்களா? இருபத்தைந்து தமிழ் ஆட்களுடைய கையெழுத்து, போன் நம்பரோடு கொண்டுவாருங்கள், அடுத்த வியாழன் கூட்டத்தில் எடுக்கிறோம்.

வியாழன் கூட்டம். வெள்ளி கடைசிக் குளிசை.

"கையெழுத்து வாங்குறது உம்மடை வேலை," என்றார் அண்ணை. "உமக்குத்தானே வாய் காது மட்டும் இருக்கு."

"தலைப்பு ஆர் எழுதுறது?"

"நீரே எழுதும். லேசான தமிழிலை எழுதும். சனத்துக்கு விளங்கோணும்."

டொலார்ட்-டெஸ்-ஓர்மோ புறநகரில் முருகன் கோயில். வெள்ளிக்கிழமைப் பின்னேரம் அண்ணை என்னைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, தான் காருக்குள் இருந்துகொண்டார். உள்ளே அவருடைய சொந்தக்காரர் நிற்பார்கள். பூசை முடிந்து சாப்பாட்டுக்கு வரிசை நின்றது. நான் மட்டையில் தாளைச் செருகிக்கொண்டு வரிசையின் வாலில் நின்ற ஐயா ஒருவரிடம் போனேன். தாளில் நேராக எழுதியிருந்தேன்: எச்.ஐ.வி உள்ளவர்களுக்கு மருந்து. ஐயா பேனையை வாங்கினார். கண்ணாடியை இறக்கி வாசித்தார். பேனையைத் திருப்பித் தந்துவிட்டு, விரல்களை வேட்டியில் துடைத்தார்.

ஏசியிருந்தால் நான் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் அந்த மூன்று விரலையும் துடைத்த விதம் எனக்குப் போதும். அந்தத் தாளைக் கிழித்து, சப்பாத்து வைக்கிற இடத்துக்குப் போய் நின்று, புதுத் தாளில் புதுத் தலைப்பு எழுதினேன். பேர்மிட்டுக்குக் காத்திருக்கிற எங்கட ஆட்களுடைய சீனி வருத்தத்துக்கு மருந்து கிடைக்கவேண்டும்.

அந்த நேரம் அது எனக்குப் பொய்யாகவே தெரியவில்லை. மருந்து மருந்துதானே. தமிழில் இருப்பதை அந்த வெள்ளைக்காரர் வாசிக்கவா போகிறார்கள்? அவர்களுக்கு வேண்டியது கையெழுத்து. எங்கள் சனத்துக்கு வேண்டியது கூச்சமில்லாமல் கையெழுத்து வைக்க ஒரு வருத்தம். சீனியைவிட, அதுதான் நீரிழிவைவிட, அதற்குத் தோதான வருத்தம் எது? இந்த ஊரில் ஐம்பது தாண்டின தமிழரில் சீனி இல்லாத ஆளைக் காட்டினால் நான் மொட்டை அடிக்கிறேன்.

சனம் என்னை மொய்த்துவிட்டது. வரிசையை விட்டு வந்து கையெழுத்து வைத்தார்கள். கேட்காமலே தங்கள் தங்கள் சீனி எவ்வளவு என்று சொன்னார்கள். ஒருவர் தன் கால்விரலைக் காட்டினார். ஒரு மாமி, நெற்றி நிறைய விபூதி, கையில் பொங்கல் கிண்ணம், வெந்தயத்தை ஊறவைக்கும் முறையை எனக்குப் பாடம் எடுத்துவிட்டுத்தான் பேனையைத் தொட்டார்.

"நீர் இன்னாற்றை பெறாமகன் எல்லே? உம்மடை சித்தியும் நானும் காலமை ஒரே பஸ்."

"அப்ப சித்தியின்ரை சீனியும் உங்களுக்குத் தெரியும்," என்றேன். மாமி குலுங்கிச் சிரித்தார்.

இருபது நிமிசத்தில் நாற்பத்து மூன்று கையெழுத்து. காருக்குள் ஏறித் தாளை அண்ணையின் முகத்துக்கு முன்னால் ஆட்டினேன். அவர் கார் ஓட்டிக்கொண்டிருந்தார், கண்ணாடியும் போடவில்லை. "பொல்லாத ஆளடா நீ," என்றார். போகிற வழி முழுக்க அவர் முகத்தில் ஒரு வெளிச்சம். நான் அன்று இரவு நன்றாகச் சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கிளினிக்கின் பின்னறை. குழுவில் ஏழு பேர் வந்திருந்தார்கள். எங்களைப் பார்க்கிற தாதி, நாங்கள் மடாம் என்று கூப்பிடுகிறவர், தாளைப் பார்த்ததும் கை தட்டினார். பிறகு அண்ணையிடம் சாதாரணமாகச் சொன்னார், தலைப்பைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்துக் கீழே எழுதிவிடுங்கள், நிதிக் குழு கேட்கும் என்று.

அண்ணை கண்ணாடியைப் போட்டார். வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, போட்டுத் திரும்பவும் வாசித்தார்.

"டேய்," என்றார்.

"அண்ணை, நான் சொல்லுறன்..."

"நீ ஒண்டும் சொல்லாதை."

அவர் மடாமுக்குப் பிரெஞ்சில் விளங்கப்படுத்தினார். எனக்குப் பிரெஞ்சு அரைகுறை. வகுப்பைப் பாதியில் விட்டவன். ஆனாலும் மடாமின் முகத்தை வாசிக்கப் பிரெஞ்சு தேவைப்படவில்லை. அவர் மெதுவாக, நான் விளங்கிக்கொள்ளவேண்டும் என்பதற்காக இன்னும் மெதுவாகச் சொன்னார்: சீனி வருத்தத்துக்கு அந்த நிதி ஏற்கெனவே மருந்து கொடுக்கிறது. முதல் நாளிலிருந்தே கொடுக்கிறது. பட்டியலில் முதலாவதே அதுதான்.

நாற்பத்து மூன்று பேர் கையெழுத்து வைத்து, கிடைத்துக்கொண்டிருக்கிற ஒன்றைக் கேட்டிருக்கிறார்கள். என் புத்தியால்.

"மேல் துண்டை வெட்டிப்போட்டு வேறை தலைப்பு ஒட்டினால் என்ன?" என்று கேட்டேன். "கையெழுத்து அதே கையெழுத்துத்தானே."

"அந்த நிதிக் குழுவிலை செயலாளராய் இருக்கிற மனிசி நாலு பேருக்குப் போன் எடுத்து, என்னத்துக்குக் கையெழுத்து வைச்சனீங்கள் எண்டு கேப்பா," என்றார் அண்ணை. "அவை சீனியெண்டு சொல்லுவினம். அதோடை எங்கடை கதை முடிஞ்சுது. இந்த வியாழன் மட்டுமில்லை, இனி எந்த வியாழனும் இல்லை."

அக்கா மூலைக் கதிரையில் இருந்தார். கையில் ரோல்ஸ், ஒரு கடி கடித்தபடி. நான் அவரைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன்.

"போன் எடுக்காட்டியும் அப்பிடிச் செய்யக்கூடா மனே," என்றார். "அந்த ஆக்கள்ற பேர, அவங்களுக்குத் தெரியாம எனக்கு எடுத்துத் தாறியா? நான் ஆருக்கும் தெரியாம இரிக்கிறது காணாதா?"

நான் நாற்பத்து மூன்று கையெழுத்தையும் நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன்.

"ஏசுங்கோ அக்கா," என்றேன் கடைசியில்.

"ஏசி என்னத்துக்கு? ஆறு இரிக்கி," என்றார். பாதி ரோல்ஸைத் தாளில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்தார்.

அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கோப்பை கழுவும்போது எண்ணுவேன். திங்கள் ஐந்து, செவ்வாய் நாலு. கடையில் இரண்டு தட்டம் உடைத்தேன். தலைமைச் சமையல்காரர் காதலா என்று கேட்டார். ஓம் என்றேன்.

புதுத் தாள். இந்த முறை தலைப்பை அண்ணை எழுதினார், பிரெஞ்சிலும் தமிழிலும், பெரிய எழுத்தில்: பேர்மிட்டுக்குக் காத்திருக்கிறவர்களுக்கு எச்.ஐ.வி மருந்து. கிழிக்கவும் மாற்றவும் முடியாதபடி மட்டையில் பசை போட்டு ஒட்டினார். என்னை அவருக்குத் தெரியும்.

திங்கட்கிழமை அண்ணை மற்ற டாக்சிக்காரரிடம் கேட்டு ஆறு கையெழுத்துக் கொண்டுவந்தார். எப்படிக் கேட்டார் என்று நான் கேட்டேன். "கேட்டன்," என்றார். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. குழுவில் மூன்று பேர் தங்கள் பெயரை எழுதினார்கள். மற்றவர்கள் பேனையைப் பார்த்தார்கள், தாளைப் பார்த்தார்கள், அந்த நிதிக் குழுவில் எங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இருந்தால் என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. என் பெயரும் இன்னும் தாளில் இல்லை. நான் சேகரிக்கிறவன், சேகரிக்கிறவன் கையெழுத்து வைக்கக்கூடாது என்று ஒரு சட்டம் உண்டாக்கி வைத்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை முருகனுக்கு விசேசம், சனம் வரும். திரும்பவும் கோயில். இம்முறை உள்ளே போக எனக்குத் துணிவில்லை. கார் தரிப்பிடத்தில் நின்றேன். வெள்ளிக்கிழமை கையெழுத்து வைத்தவர்கள் ஒவ்வொருவராகக் காரால் இறங்கி, "என்ன தம்பி, மருந்து கிடைச்சதோ?" என்று சந்தோசமாக வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் நான் சொல்லவேண்டியிருந்தது: அண்டைக்குச் சொன்னது பொய், இதுதான் உண்மையான தாள்.

ஒருவர், "கோயில் வாசல்லை உந்தக் கதை வேண்டாம்," என்று நடந்தார். ஒருவர் தன் மனைவியைத் தோளில் பிடித்து அந்தப் பக்கம் திருப்பினார். வேட்டியில் விரல் துடைத்த ஐயாவும் வந்தார். என்னைக் கண்டதும் இரண்டு கையையும் சால்வைக்குள் வைத்துக்கொண்டார். பிள்ளைவண்டி தள்ளிக்கொண்டு வந்த ஒரு பெண் தலைப்பை முழுக்க வாசித்தாள். கையெழுத்து வைத்தாள். காருக்குள் இருந்த புருசனுக்கு, "இஞ்சை வாங்கோ, வந்து உதிலை ஒண்டு வையுங்கோ," என்றாள். அவன் ஏன் என்று கேட்கவில்லை. இப்படியும் ஆட்கள் இருந்தார்கள். ஒரு பெடியன் தன் மூன்று சிநேகிதரை இழுத்துக்கொண்டு வந்தான். பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று.

பிறகு மாமி. அதே விபூதி, அதே நடை.

"வெள்ளிக்கிழமை சீனியெண்டெல்லோ சொன்னீர்?"

"ஓம் மாமி. பொய் சொன்னனான்."

"கோயிலுக்குள்ளை வைச்சோ?"

"சாப்பாட்டு வரிசையிலை வைச்சு. அந்தச் சத்தத்துக்கை முருகனுக்கு ஒண்டும் கேட்டிராது."

மாமி சிரிக்கவில்லை. மட்டையை வாங்கி, விரலை வைத்து, எழுத்துக் கூட்டுகிற பிள்ளையைப் போலச் சத்தமாக வாசித்தார். "எச்... ஐ... வி." பக்கத்துக் காரில் பிள்ளைக்குச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள்.

"மெதுவாய் மாமி."

"ஏன்? இதை எழுதினது நீர்தானே? ஆருக்கு இந்த வருத்தம்?"

"ஒரு அக்காவுக்கு. குளிசை முடியப்போகுது."

"எந்த அக்கா?"

"அதைச் சொல்லமாட்டன்."

"நல்லது, சொல்லவேண்டாம். ஆரோ ஒரு அக்காவுக்கு உமக்கு ஏன் இந்த ஓட்டம்? உமக்கென்ன அதிலை?"

எத்தனையோ பதில் இருந்தது. பொய்யாக நாலு, பகிடியாக நாலு நாக்கு நுனியில் எப்போதும் வைத்திருப்பேன். காற்று மட்டையில் தாளைப் படபடவென்று அடித்தது. இதுவரை ஒன்றும் தெரியாத சித்தியோடு மாமி காலையில் போகிற பஸ்ஸை நினைத்தேன். அக்காவின் நாலு குளிசையை நினைத்தேன்.

"எனக்கும் அதுதான் மாமி," என்றேன்.

அதைச் சொல்லும்போது பல்லெல்லாம் தெரிய நான் இளித்துக்கொண்டு நின்றேன். பழக்கம். முகத்துக்கு வேறு ஒன்றும் செய்யத் தெரியாது.

மாமி என்னைப் பார்த்தார். நீளமாகத்தான் பார்த்தார் என்று நினைக்கிறேன். பிறகு, "உமக்கு எல்லாத்திலையும் பகிடி," என்று கைப்பையால் என் தோளில் ஒரு அடி போட்டார். கையெழுத்து வைத்தார், போன் நம்பரை இலக்கம் இலக்கமாக எழுதினார், கோயிலுக்குள் போய்விட்டார்.

நம்பினாரா, பகிடி என்று விட்டாரா? எனக்குத் தெரியவில்லை. நம்பாவிட்டால் நல்லது. நம்பாவிட்டால் நான் சொல்லாதது போலத்தான். ஆனால் நம்பாமல் போயிருப்பார் என்று நினைக்கவும் ஏனோ பிடிக்கவில்லை.

பூசை முடியும்போது இருபத்து மூன்று. டாக்சிக்குள் அண்ணை லைட்டைப் போட்டு எண்ணினார். பேனையை என்னிடம் நீட்டினார். நான் என் சட்டத்தைச் சொன்னேன். அவர் நீட்டின பேனையைத் திரும்ப எடுக்கவில்லை. வைத்தேன். இருபத்து நாலு.

"ஒண்டு குறையுது," என்றார்.

"கள்ளக் கையெழுத்து ஒண்டு..."

"டேய்."

"பகிடிக்குச் சொன்னனான் அண்ணை."

புதன் மத்தியானம் அப்படியே, ஒன்று குறைய, மடாமிடம் கொடுத்தோம். அவர் எண்ணவில்லை, உறைக்குள் போட்டு ஒட்டினார்.

புதனும் வியாழனும் நான் அஹுன்ட்சிக்கில், குடியிருக்கிற சித்தி வீட்டில், கள்ளனைப் போல நடமாடினேன். சித்தி காலையில் பஸ்ஸால் போய்ப் பின்னேரம் வருவார். வந்ததும் முகத்தைப் பார்ப்பேன். இடியப்பத்துக்குச் சொதியைக் கொஞ்சம் கூட ஊற்றினால், தெரிந்துவிட்டதோ, பரிதாபப்படுகிறாவோ என்று சந்தேகம். குறைய ஊற்றினால், தெரிந்துவிட்டதோ, அருவருக்கிறாவோ என்று சந்தேகம். "ஏன்டா என்னையே பாக்கிறாய்?" என்றார். "வடிவாய் இருக்கிறியள்," என்றேன். தலையில் ஒரு குட்டு விழுந்தது. குட்டு வழமையான குட்டுத்தான் என்று கொஞ்சம் ஆறுதல்.

வியாழன் கூட்டம் முடிந்து ஒரு சத்தமும் இல்லை. அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

"ரெண்டு," என்றார். "இண்டைக்குப் போட்டா ஒண்டு."

"பாதி பாதியாய் உடைச்சுப் போடுற எண்ணம் ஒண்டும் இல்லையே?"

அந்தப் பக்கம் போத்தல் ஆடுகிற சத்தம் கேட்டது. நினைத்திருக்கிறார்.

"அக்கா, அப்பிடிச் செய்யாதேங்கோ. முழுசாய்ப் போடுங்கோ. நாளைக்கு நான் வாறன்."

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கிளினிக்கில் நானும் அக்காவும் இருந்தோம். அவர் வேலைக்கு வருத்தம் என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். கைப்பையை மடியில் வைத்து, கைப்பிடியை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டு இருந்தார். கடைசிக் குளிசை அதற்குள்தான், போத்தலோடு. வீட்டில் விட்டுவிட்டு வரப் பயமாம். அண்ணை வெளியில் டாக்சியை நிறுத்தக்கூடாத இடத்தில் நிறுத்திவிட்டு, தண்டம் எழுதுகிறவன் வருகிறானா என்று ஒரு கண்ணும் எங்களில் ஒரு கண்ணுமாக வாசலில் நின்றார்.

மடாம் வந்தார். முதலில் என்னைத்தான் பார்த்தார். நிதிக் குழுவின் செயலாளர் நாலு பேருக்குப் போன் எடுத்தாராம். ஒருவர் எடுக்கவில்லை. ஒருவர் ஞாபகமில்லை என்று வைத்துவிட்டார். ஒரு பெண் சரியாகச் சொன்னாள். நாலாவது ஒரு வயதான பெண்மணி. பிரெஞ்சு கொஞ்சம், இங்கிலிஷ் கொஞ்சம், தமிழ் மிச்சம். செயலாளருக்கு விளங்கியது இவ்வளவுதான்: எச்.ஐ.வி, ஓம், தெரிந்துதான் கையெழுத்து வைத்தேன்; எங்கள் பெடியன் ஒருவனுக்கும் இருக்கிறது; நல்ல பெடியன்; மருந்தைக் கொடுங்கள்.

மாமி நம்பியிருக்கிறார். அந்தப் பார்வையிலேயே நம்பிவிட்டு, நான் இளித்ததால் எனக்காகப் பகிடி என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இந்தக் காலையும் அவர் சித்திக்குப் பக்கத்தில் பஸ்ஸில் இருந்திருப்பார். நாளைக்கும் இருப்பார்.

"என்ன மனே, என்ன செல்றா?" என்று அக்கா என் சட்டைக் கையை இழுத்தார். அவருக்குப் பிரெஞ்சு என்னைவிடக் குறைவு.

"பொறுங்கோ, இன்னும் வரேல்லை," என்றேன்.

பிறகு வந்தது. இருபத்து நாலா இருபத்தைந்தா என்று நிதிக் குழுவில் யாரும் கேட்கவில்லை. பட்டியலில் எச்.ஐ.வியைச் சேர்க்கிறார்கள், ஆனால் பரீட்சார்த்தமாகத்தான். காகிதத்துக்குக் காத்திருக்கிற ஆட்களுக்கு மூன்று மாதத்துக்கு மருந்து. அதற்குப் பிறகு திரும்பக் கூடிப் பார்ப்பார்கள். அக்கா முதல் ஆள். போத்தல்கள் கீழே மருந்துக்கடையில் தயாராக இருக்கின்றன.

நான் தமிழில் சொன்னேன். அக்கா நான் சொல்லி முடியும்வரை என் வாயையே பார்த்தார். பகிடி எங்கே வரப்போகிறது என்று தேடுகிற பார்வை. வரவில்லை என்று உறுதியானபின் முந்தானையால் மூக்கைத் துடைத்தார். மடாமின் இரண்டு கையையும் பிடித்து, "மெர்சி, மெர்சி," என்றார். அது ஒன்றுதான் அவருக்கு வடிவாக வரும்.

கீழே மருந்துக்கடையில் மூன்று போத்தல் தந்தார்கள். அக்கா ஒவ்வொன்றாகக் காதருகில் ஆட்டிப் பார்த்துவிட்டுக் கைப்பைக்குள் வைத்தார். வாசலில் அண்ணை அடுத்த கடிதத்தைத் தொடங்கிவிட்டார். மூன்று மாதம் காணாது, இப்பவே எழுதினால்தான் அந்தக் கூட்டத்துக்குப் போகும் என்று காரின் கூரையில் கொப்பியை வைத்து எழுதிக்கொண்டிருந்தார். தண்டக்காரன் இரண்டு கார் தள்ளி நின்றான்.

நாங்கள் மெட்ரோவுக்கு நடந்தோம். அக்காவின் வாய் ஏதோ முணுமுணுத்தது. செபம் என்று நினைத்தேன்.

"தொண்ணூத்தொண்டு," என்றார். "பைக்குள்ள கிடக்கிற ஒண்டோட சேத்து."

"பெரிய பணக்காரி ஆகிட்டியள்."

"அதுக்குள்ள பேர்மிட் வருமா மனே?"

என்னிடம் ஒன்று தயாராக இருந்தது, ஒட்டாவாவில் ஒரு ஆமை முதுகில் பேர்மிட்டை ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள் என்று. வாய் திறந்தேன்.

"பகிடி விடாமச் செல்லு," என்றார் அக்கா.

படியால் இறங்கினோம். கீழே ரயில் வருகிற காற்று முகத்தில் அடித்தது.

"தெரியாதக்கா," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எனக்கு முன்னால் ரயிலில் ஏறினார்.